அட்டையில் எழுதியிருந்த எடை

ஜூன் 11, இரவு

பொன்முடியிலிருந்து கல்லாறு வரை 22 கொண்டை ஊசி வளைவுகள். வயிற்றோட்டத்தில் துவண்ட பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு அத்தனை வளைவையும் ஜீப்பில் இறங்கி எங்கள் ஆஸ்பத்திரிக்கு வருகிறார்கள். இன்று வந்தது எஸ்டேட் லயத்துப் பெண்பிள்ளை, பதினோரு மாதம். நேற்று மாலையிலிருந்து வாந்தி; விடிந்ததிலிருந்து தண்ணீராய்ப் போகிறது.

"சீர் அடிச்சிருக்கு டாக்டரம்மா, உச்சி குழிஞ்சு கெடக்கு பாருங்க" என்றார் பிள்ளையின் ஆச்சி. தேயிலை வேலைக்காகத் தலைமுறைகளுக்கு முன் மலை கடந்து வந்த குடும்பம். பேச்சில் நெல்லை இன்னும் அப்படியே இருக்கிறது. நோய்க்கு அவர் சொன்ன காரணம் 'சீர்', என் காரணம் வேறு. ஆனால் அவர் விரல் வைத்துக் காட்டிய இடம் மிகச் சரி.

கண் உள்ளே போயிருந்தது. அழுதாள், கண்ணீர் கொஞ்சம்தான் வந்தது. வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் மெல்லத் திரும்பியது. ஆனால் கிண்ணத்தைப் பார்த்ததும் கை நீட்டினாள். எனக்கு முன்னால் இருந்த கேள்வி ஒன்றுதான்: இங்கேயே வைத்துக் கரண்டியால் ஊட்டித் தேற்றலாமா, நரம்பில் ஊசி போட்டு நாற்பது கிலோமீட்டருக்கும் அப்பால் திருவனந்தபுரத்துக்கு அனுப்ப வேண்டுமா? மழை இரவில், யானை இறங்கும் சாலையில், தேவையில்லாமல் அனுப்புவதும் ஆபத்து. அனுப்பத் தவறுவது அதைவிடப் பெரிய ஆபத்து.

அம்மாவின் பையில் தாய்சேய் அட்டை இருந்தது. போன மாதம் அங்கன்வாடியில் எடுத்த எடை: 8.1 கிலோ. எங்கள் தராசில் இன்று 7.5. அறுநூறு கிராம் குறைவு, அதாவது நூற்றுக்கு ஏழுக்குச் சற்று மேல். மிதமான நீரிழப்பு. இங்கேயே வைத்துக்கொண்டேன்.

ஜூன் 12

பிள்ளை தேறிவிட்டாள். காலையில் சிறுநீர் கழித்த துணியை அம்மா எடுத்துவந்து காட்டினார், ஒரு நல்ல சேதியைக் காட்டுவது போல. உண்மையில் அதைவிட நல்ல சேதி இந்த நோயில் இல்லை.

உடன் வேலை செய்யும் இளைய மருத்துவர் மதியம் கேட்டார்: "கையடக்க ஸ்கேன் ஒன்று இருந்தால் ராத்திரி இவ்வளவு யோசிக்க வேண்டியிருக்காதே, மேடம்?" நியாயமான கேள்வி. நானும் பல நாள் அதே ஆசையில் இருந்தவள்.

அதன் சூட்சுமம் அழகானது. மார்பெலும்பு முடியும் இடத்துக்குக் கீழே ஸ்கேன் முனையைக் குறுக்காக வைத்தால் முதுகெலும்புக்கு முன்னால் இரண்டு வட்டங்கள் தெரியும். ஒன்று பெருந்தமனி, சுவர் தடித்தது, உடலில் நீர் குறைந்தாலும் அளவு அதிகம் மாறாது. மற்றது இதயத்துக்கு ரத்தத்தைத் திருப்பிக் கொண்டுபோகும் கீழ்ப்பெருஞ்சிரை. சுவர் மெல்லியது, நீர் வற்றினால் சுருங்கும். இரண்டின் விட்டத்தையும் ஒப்பிட்டால் எவ்வளவு வற்றியிருக்கிறது என்று ஊகிக்கலாம். ஊசி இல்லை, ரத்தம் எடுக்க வேண்டாம், சில நிமிட வேலை.

ருவாண்டாவின் கிராமப்புற மருத்துவமனைகளில் மருத்துவர் ஆடம் லெவைனும் அவர் குழுவினரும் 52 குழந்தைகளிடம் இதைச் சோதித்து 2010இல் வெளியிட்டார்கள். கடும் நீரிழப்பில் இருந்த நூறு பேரில் 93 பேரை இந்த ஒப்பீடு பிடித்துவிடும் என்று தெரிந்தது. கடுமை இல்லாதவர்களைச் சரியாக ஒதுக்குவதில் மட்டும் 59தான். அதைப் படித்தபோது, எங்களைப் போன்ற இடங்களுக்காகவே செய்தது என்று தோன்றியது.

அதே லெவைன் பிறகு டாக்காவுக்குப் போனார். அங்குள்ள வயிற்றுப்போக்கு நோய் ஆராய்ச்சி மையத்தில், 2014இல், ஐந்து வயதுக்குட்பட்ட 850 குழந்தைகள். வந்தவுடன் எடை, நீரேற்றித் தேறியபின் மறுபடி எடை, இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே உண்மையான இழப்பு. அந்த உரைகல்லில் ஸ்கேன் தேறவில்லை. கடும் நீரிழப்பைக் கண்டுபிடிப்பதில் அதன் திறன் நாணயம் சுண்டிப் பார்ப்பதைவிடச் சற்றே மேல்.

காரணங்களை ஊகிப்பது கடினமில்லை. பிள்ளை வீறிட்டு அழும்போது ஒவ்வொரு மூச்சுக்கும் சிரையின் விட்டம் மாறுகிறது. முனையைக் கொஞ்சம் அழுத்தினாலே சிரை தட்டையாகிவிடும். அளப்பவர் கை மாறினால் அளவும் மாறும். சில மில்லிமீட்டர் அகலமுள்ள குழாயில் ஒரு மில்லிமீட்டர் தவறினால் முடிவே தலைகீழ்.

அந்த 850 பிள்ளைகளால் நமக்குக் கிடைத்த பெரிய லாபம் வேறு. எந்த அறிகுறிகள் உண்மையில் வேலை செய்கின்றன என்று சலித்துப் பார்த்ததில் நான்கு மிஞ்சின: பிள்ளையின் தோற்றம், மூச்சு, தோல் மடிப்பு, கண்ணீர். 'டாக்கா மதிப்பெண்' என்று அதற்குப் பெயர். நான்குக்கும் கண்ணும் கையும் போதும். தன் நம்பிக்கைக்கு எதிராக வந்த முடிவையும் மறைக்காமல் வெளியிட்ட அந்தக் குழுவின் மேல் எனக்கு மிகுந்த மதிப்பு.

ஜூன் 14

கையடக்க ஸ்கேன் வாங்கினாலும் லயத்துக்குத் தூக்கிக்கொண்டு போக முடியாது. கருவில் பெண்ணென்று தெரிந்து அழிப்பதைத் தடுக்க வந்த 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒவ்வொரு ஸ்கேன் கருவியும் பதிவு பெற வேண்டும். பதிவான இடத்திலேயே இருக்க வேண்டும். குழந்தை மருத்துவருக்கென்று தனி விலக்கு கிடையாது. எனக்கு இதில் வருத்தமில்லை. அந்தக் கட்டுப்பாடு எத்தனையோ பெண்பிள்ளைகளுக்காகப் போட்டது.

ஜூன் 17

இன்று ஸ்கேனுக்காக ஒரு பிள்ளையை அவசரமாகக் கீழே அனுப்பினேன். எட்டு மாத ஆண்குழந்தை. வாந்தி இருந்தது, வயிற்றோட்டம் என்று சொல்லித்தான் கொண்டுவந்தார்கள். ஆனால் அழுகை விட்டு விட்டு வந்தது. காலை வயிற்றோடு இழுத்து வீறிடும், பிறகு வெளுத்துப்போய்ச் சோர்ந்து கிடக்கும், மறுபடி வீறிடும். துணியில் சளியோடு கொஞ்சம் ரத்தம்.

குடல் குடலுக்குள் செருகிக்கொண்ட நிலை. நீர் வற்றியதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் பிள்ளை கையை விட்டுப் போய்விடும். இங்கே ஸ்கேனுக்கு இணை எதுவும் இல்லை. குறுக்காகப் பார்த்தால் வளையத்துக்குள் வளையமாகத் தெரியும், தேர்ந்த கண்ணுக்கு அதில் அநேகமாகத் தவறே வராது. நேரத்தோடு போனால் ஆசனவாய் வழியே காற்றோ உப்புநீரோ செலுத்தி, கத்தி படாமலே குடலைத் திருப்பிவிடலாம்.

ராத்திரி ஃபோன் வந்தது: திருப்பிவிட்டார்கள். இளைய மருத்துவரிடம் சொன்னேன், வயிற்று நோயில் ஸ்கேன் கற்றுக்கொள்வதானால் முதலில் இதைக் கற்றுக்கொள்ளுங்கள். சிரையை அளப்பது பிறகு.

ஜூன் 20

முதல் நாள் அந்த அட்டை கையில் இல்லாமல் இருந்திருந்தால்? இதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். டாக்காவில் பிள்ளை தேறும்வரை காத்திருந்து கண்டுபிடித்த எண்ணை, நோய்க்கு முன்பே ஒரு அங்கன்வாடி டீச்சர் எழுதி வைத்திருந்தார். குறைகள் உண்டு: தராசுக்குத் தராசு வித்தியாசம், உடுத்திய துணியின் எடை, ஒரு மாதத்தில் பிள்ளை வளர்ந்திருக்கும். ஆனாலும் கண்ணும் கையும் சொல்வதோடு அந்த எண்ணும் சேர்ந்தால், மழை இரவில் எனக்கு அதைவிடப் பெரிய துணை இல்லை.

இன்று ஆஷா பணியாளர்களும் அங்கன்வாடி டீச்சர்களும் வந்திருந்தார்கள். கேட்டுக்கொண்டவை எளியவை. மழைக்காலத்தில் எடை எடுப்பது ஒரு மாதமும் தவறக்கூடாது. துணியைக் கழற்றிவிட்டு எடுக்க வேண்டும். அட்டையில் தெளிவாக எழுத வேண்டும், பிள்ளையைத் தூக்கி வரும்போது அட்டையும் கூட வர வேண்டும். நம் தராசுகளைத் தெரிந்த எடையை வைத்து ஒத்துப் பார்க்கும் வேலையை நான் ஏற்றுக்கொண்டேன்.

பிறகு கரண்டிக் கணக்கு. அந்த 7.5 கிலோ பிள்ளைக்குக் கிலோவுக்கு 75 மில்லி வீதம் நான்கு மணி நேரத்தில் ஏறக்குறைய 560 மில்லி ஓ.ஆர்.எஸ். இரண்டு நிமிடத்துக்கு ஒரு சின்னக் கரண்டி. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, இன்னும் மெதுவாக. தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது. 1971இல் மேற்கு வங்கத்தின் பாங்காவ் அகதி முகாமில் நரம்பில் ஏற்றும் திரவம் தீர்ந்துபோனபோது, மருத்துவர் திலீப் மஹலநாபிஸ் உப்பும் சர்க்கரையும் கலந்த நீரை டிரம்மில் வைத்து, உறவினர்கள் கையாலேயே கொடுக்கவைத்து நோயாளிகளைக் காப்பாற்றியதும் இதே வழியில்தான்.

"நாலு மணி நேரம் யாரு உக்காந்து ஊட்டுவா மேடம், கொழுந்து பறிக்கப் போகணுமே?" என்று கேட்டார் ஒரு டீச்சர். லயத்தில் வேலைக்குப் போகாத ஆச்சிகள் இருக்கிறார்கள். பகலில் அங்கன்வாடியிலேயே ஒரு மூலையை இதற்கென்று ஒதுக்கி, ஆச்சிகளை முறை வைத்து உட்காரவைக்கலாமா என்று பேசினோம். திங்கட்கிழமை மேலே போய் இடம் பார்க்கிறோம்.