உல்லாஸ் நகரத்துச் சிந்தி

மும்பையிலிருந்து சுமார் 58 கிலோமீட்டர் தூரத்தில், கலியாண் ஜங்ஷனுக்கு அப்பால் இரண்டாவது ஸ்டேஷனாக இருப்பது உல்லாஸ்நகர். உல்லாசம் ஊரின் பெயரில்தான் இருக்கிறது. நெருக்கமான சந்துகளையும், ஓயாத வண்டிச் சப்தத்தையும் பார்த்தால் சுகவாசத்துக்கு ஏற்ற ஸ்தலம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். அருகில் ஓடும் உல்லாஸ் நதியின் பெயரே ஊருக்கு வாய்த்தது. ஆயினும் தமிழர்களாகிய நமக்கு இவ்வூரோடு ஒரு சம்பந்தம் உண்டு. 1949-ஆம் ஆண்டு ஆகஸ்டு 8-ஆம் தேதி இந்நகருக்கு அஸ்திவாரக் கல் நாட்டியவர், அப்பொழுது கவர்னர்-ஜெனரலாயிருந்த ராஜாஜி அவர்கள்.

அதற்கு முன் இது யுத்த காலத்தில் சிப்பாய்களுக்காக எழுப்பிய முகாம். 1947-இல் தேசம் பிரிந்ததும் சிந்து மாகாணத்து ஹிந்துக்கள் கப்பலிலும் ரயிலிலுமாக வந்து சேர்ந்தார்கள். 1936 வரையில் சிந்து, பம்பாய் மாகாணத்தின் ஒரு பகுதியாகவே இருந்தபடியால் இந்தத் திசை அவர்களுக்கு முற்றிலும் அந்நியமானதல்ல. சுமார் ஒரு லட்சம் பேரை அந்தச் சிப்பாய்க் கொட்டகைகளில் குடியேற்றினார்கள். ஊரின் பகுதிகளுக்கு இன்றைக்கும் ஒன்றாம் காம்ப், இரண்டாம் காம்ப் என்று ஐந்தாம் காம்ப் வரையில்தான் பெயர்! அகதி முகாம் என்ற நிலை எப்பொழுதோ மாறிவிட்டது. விலாசத்திலிருந்து மட்டும் அந்தச் சொல் போகவில்லை.

வந்தவர்கள் சோர்ந்து உட்காரவில்லை. அப்பளமிட்டார்கள்; துணி விற்றார்கள்; மரச்சாமான் கடைகள் வைத்தார்கள். இன்று இங்கே தைக்கும் ஜீன்ஸ் கால்சட்டைகள் தேசமெங்கும் போகின்றன. சாமான்களில் 'யு.எஸ்.ஏ.' என்று முத்திரை குத்தி, 'உல்லாஸ்நகர் சிந்தி அஸோஸியேஷன் என்று அர்த்தம்' என்பார்களாம். இந்த வேடிக்கையை அவ்வூரார் தாமே சொல்லிச் சிரிக்கிறார்கள்.

கோடை விடுமுறையில் நான் தங்கியது ஓர் அப்பள வியாபாரியின் வீட்டில். படியேறியதும் ஒரு சுட்ட அப்பளமும் ஒரு டம்ளர் தண்ணீரும் வந்தன. சிந்திகளின் உபசாரம் அப்படித்தான் ஆரம்பமாகிறது. வீட்டில் மூன்று தலைமுறை. பாட்டியம்மாள் ஆறு வயதில் கராச்சித் துறைமுகத்தில் கப்பலேறியவர். அவருடைய மகன் இந்த வியாபாரி. பேரன் மும்பையில் உத்தியோகம் பார்க்கிறான். அங்கேயே அறை எடுத்துக்கொண்டு, ஞாயிறு தோறும் வந்து போகிறான்.

ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டில் ஒரு விசித்திரத்தைக் கவனித்தேன். பாட்டியும் மகனும் சிந்தியில் பேசுகிறார்கள். மகனும் மருமகளும் சிந்தியில் பேசுகிறார்கள். பேரன் பக்கம் முகம் திரும்பியதும் எல்லாருக்கும் ஹிந்தி வந்துவிடுகிறது. பாட்டிகூட அவனுக்காகத் தட்டுத் தடுமாறி ஹிந்தி பேசுகிறார். அவனோ பாதி ஹிந்தியும் பாதி இங்கிலீஷுமாக விடையளிக்கிறான். அவன் தாய்மொழியை வெறுத்தவனல்ல. குழந்தையாயிருந்தபோது அவனிடம் யாரும் அதிலே பேசவில்லை, அவ்வளவுதான்.

"சாயீன், அப்பளம் விற்க எனக்குச் சிந்தி போதும். பிள்ளை பெரிய உத்தியோகத்துக்குப் போகவேண்டாமா?" என்றார் தகப்பனார். அவர் சிந்திப் பள்ளிக்கூடத்தில் படித்தவர். அம்மாதிரிப் பள்ளிகள் பல, பிள்ளைகள் இல்லாமல் மூடிவிட்டன. சில இங்கிலீஷ் பள்ளிகளாக மாறிவிட்டன.

சிந்தியின் ஓசையைப் பற்றிச் சொல்லவேண்டும். உபாத்தியாயருக்கு இதில் ஆசை இருப்பது இயல்புதானே. மங்கை, மஞ்சள், வண்டு, அம்பு என்று நாம் சொல்லும்போது மெல்லெழுத்தை அடுத்து வரும் நான்கு ஒலிகளைக் கவனியுங்கள். அவற்றை மூச்சை வெளியே விடாமல், உள்ளே இழுத்துச் சொன்னால் எப்படியிருக்கும்? அந்த நான்கும் சிந்தியில் தனி எழுத்துக்கள். கிராமத்துக்குச் சிந்தியில் 'கோட்டு' என்று பெயர். அதன் முதல் ஒலி அவ்வாறு உள்ளே இழுத்துச் சொல்வது. இன்னொன்று: நமது குற்றியலுகரத்தைப் போல் அங்கும் சொற்கள் குறுகிய உயிரில் முடிகின்றன. ஹிந்தியில் வீடு 'கர்', சிந்தியில் 'கரு', பல வீடுகளானால் 'கர'. பேரன் தனக்குத் தெரிந்த சிந்தியைப் பேசிக் காட்டினான். ஒலிகள் வெளியே வந்துவிட்டன; கடைசி உயிர் கழன்றுவிட்டது. ஒரு வீடா, பல வீடுகளா என்று தெரியவில்லை.

எழுத்தின் கதை இன்னும் சங்கடமானது. 1853-இல் வெள்ளைக்காரர் ஆட்சியில் 52 எழுத்துக்கள் கொண்ட அரபு லிபியைச் சிந்திக்கு வகுத்தார்கள். பிரிவினைக்குப் பின் இங்கே தேவநாகரிதான் வேண்டும் என்று ஒரு கட்சியும், பழைய லிபியே வேண்டும் என்று ஒரு கட்சியும் வாதாடின. முடிவில் சர்க்கார் இரண்டையும் ஒப்புக்கொண்டது. இரண்டு சட்டைக்காகப் பெரியவர்கள் சச்சரவிட்டதில் பிள்ளை வெற்றுடம்போடு நிற்கிறது என்பதே என் அபிப்பிராயம். காலஞ்சென்ற பாட்டனார் எழுதிய கடிதங்கள் ஒரு தகரப் பெட்டியில் இருக்கின்றன. மகன் படிக்கிறார்; பேரனுக்கு அவை வெறும் கோடுகள்.

1967-இல் சிந்தி நமது அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையில் இடம் பெற்றது. 2011-ஆம் வருஷத்துக் குடிக்கணக்கு, கச்சி பேசுவோரையும் சேர்த்து, 27 லட்சத்துக்கு மேற்பட்டவர்களைச் சிந்தியின் கீழ்க் காட்டுகிறது. ஆனால் அதற்கென்று ஒரு ராஜ்யம் இல்லை; அந்தப் பாஷையில் மனு எழுத ஒரு ஜில்லாக் கச்சேரி இல்லை. நமது பள்ளிப் பிள்ளைகள் தேசிய கீதத்தில் சிந்துவின் பெயரைப் பாடுகிறார்கள். அந்த மண் இருப்பது பாகிஸ்தானத்தில்.

மண் இருந்தால் மட்டும் போதுமா? பிரிவினைக்கு முன் கராச்சியில் சிந்தி பேசியவர்களே பெரும்பான்மையோர். ஹிந்துக்கள் வெளியேறி, இந்தியாவிலிருந்து உருது பேசும் முஸ்லிம்கள் திரளாகக் குடியேறிய பின் நகரம் மாறிவிட்டது. 2017-ஆம் வருஷத்துக் கணக்கில் அங்கே சிந்தி பேசுவோர் 100-க்கு 11 பேர் அளவே. 1972-இல் சிந்திக்கு உத்தியோக பாஷை அந்தஸ்துக் கொடுத்துச் சட்டம் செய்தபோது கராச்சியில் கலகமே மூண்டது. தாதுவிலிருந்தோ லார்க்கானாவிலிருந்தோ வேலை தேடி வரும் சிந்தி இளைஞன், தன் மாகாணத்துத் தலைநகரிலேயே கடைத்தெருவில் உருதுவும் ஆபீஸில் இங்கிலீஷும் பேசவேண்டியிருக்கிறது. ஆனாலும் அவனுக்குச் சிந்திப் பத்திரிகைகள் உண்டு. லீவுக்குத் திரும்பிப் போக ஒரு 'கோட்டு' உண்டு. மும்பைக்குப் போன பையனுக்கோ திரும்பி வர இந்த ஐந்து காம்ப்கள்தாம் இருக்கின்றன.

மாலையில் மாடியில் உட்கார்ந்திருந்தபோது பேரன் ஒரு விஷயம் சொன்னான். சென்ற வருஷம் பாட்டிக்கு ஓர் ஆஸ்பத்திரியில் ரண சிகிச்சை நடந்தது. இரவில் துணையிருந்தவன் இவன். மயக்கம் தெளியும் தறுவாயில் அவருக்கு ஹிந்தி அடியோடு மறந்துபோயிற்று. ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சிந்தியில் கேட்டார். இவன் தண்ணீர் கொடுத்தான், போர்வையை இழுத்து விட்டான், விளக்கை அணைத்தான். அவர் அழ ஆரம்பித்துவிட்டார். பிறகு தகப்பனாரை டெலிபோனில் கூப்பிட்டு, அதைப் பாட்டியின் காதருகே வைத்தான். 'வாசற்கதவைப் பூட்டினாயா?' என்பதே அவர் கேட்ட கேள்வி. 'பூட்டிவிட்டேன், அமா' என்று மகன் சொன்னதும் தூங்கிப் போனாராம்.

அது முதல் ஞாயிறு தோறும் பாட்டியிடம் பத்துச் சொற்கள் கேட்டுக்கொள்கிறான். டெலிபோனிலேயே அவர் குரலைப் பதித்து, இங்கிலீஷ் எழுத்தில் குறித்து வைக்கிறான். அன்றைக்குப் பாட்டி சுவரில் சாய்ந்து உட்கார்ந்து 'கோட்டு' என்றார். அவன் திருப்பிச் சொன்னான். அவர் பொக்கை வாய் தெரியச் சிரித்து, "உள்ளே இழு, உள்ளே இழு" என்று தொண்டையைத் தொட்டுக் காட்டினார். கீழேயிருந்து தகப்பனார் ரயிலுக்கு நேரமாயிற்று என்று கூப்பிட்டார், ஹிந்தியில். அவன் பையை எடுத்துக்கொண்டு, இன்னொரு தரம் சொல்லிப் பார்த்தபடியே படியிறங்கினான்.