கட்டிக்கொடுத்த சோறு

"கட்டிக்கொடுத்த சோறும் சொல்லிக்கொடுத்த சொல்லும் எத்தனை நாளைக்கு?" என்பது பழமொழி. இரண்டும் விரைவில் தீர்ந்துவிடும் என்பது பொருள். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை முதன்முதலாக மிதித்தவன் நான். வீட்டில் சோறு கட்டிக்கொடுக்கிறார்கள். இங்கே சொல் சொல்லிக்கொடுக்கிறார்கள். இரண்டையும் நம்பி வாழும் எனக்கு அந்தப் பழமொழியோடு ஒரு சிறு வழக்கு உண்டு.

கட்டுச்சோற்றுக்கும் நம் திருவண்ணாமலைக்கும் உள்ள உறவு பழையது. கார்த்திகைத் தீபத்துக்கு மாட்டு வண்டி கட்டிக்கொண்டு வந்த காலத்தில், சிற்றூர் மக்கள் புளிச்சோற்று மூட்டையோடுதான் புறப்படுவார்கள். 2,668 அடி உயர மலையுச்சியில் தீபம் கண்டு, 14 கிலோமீட்டர் மலைவலம் முடித்து, வீடு திரும்பும்வரை அந்த மூட்டையே துணை. என் பாட்டியும் அப்படி வந்தவர்தாம்.

அந்தக் கைப்பக்குவம் எனக்குத் தேவைப்பட்டது நாட்டு நலப்பணித் திட்ட முகாமில். காந்தியடிகள் நூற்றாண்டான 1969இல் தொடங்கப்பெற்ற இத்திட்டத்தின் சிறப்பு முகாம் ஏழு நாள் நடைபெறும். எங்களுக்கு ஒரு சிற்றூர்ப் பள்ளியில் இடம் கிடைத்தது. உண்போர் ஐம்பது பேர். சமையல் குழுவில் நானும் ஒருவன். குளிர்சாதனப் பெட்டி இல்லை. "ஒருவருக்கு வயிறு கெட்டாலும் முகாமே கெட்டுவிடும், தம்பி" என்று பேராசிரியர் எச்சரித்தார்.

கவலையோடு அம்மாவிடம் கேட்டேன். அம்மா பள்ளிக்கூடம் சென்றவரல்லர். நடவுக்கும் களையெடுப்புக்கும் போகும்போது தூக்குவாளியை மரத்தடியில் வைத்துவிட்டு, உச்சி வெயில் சாய்ந்தபின் உண்பவர்.

"ஈரம் பட்டா ஊசிப்பூடும்டா. சூட்டோட மூடாத, வேர்த்துக் கெட்டுப்பூடும். புளியும் உப்பும் முன்ன நிக்கணும். கைய உள்ள வுடாத, கரண்டிய போடு." பாடம் அவ்வளவுதான்.

அதன்படியே நடந்தோம். கீரையும் தக்காளியும் முதல் இரண்டு நாளில் தீர்ந்தன. அடுத்துக் கத்தரியும் அவரையும். பூசணி, சேனை, கருணை, வெங்காயம் ஆகியவை கடைசி நாள்வரை நின்றன. பருப்பும் தேங்காயும் சேர்ந்த குழம்பைப் பகலோடு முடித்தோம். இரவுக்குச் சுண்டைக்காய் வற்றல் குழம்பு. புளிக்காய்ச்சலை எண்ணெய் பிரியும்வரை சுண்டவைத்து, ஈரமில்லாத சட்டியில் வைத்துக்கொண்டு, அன்றன்று வடித்த சோற்றில் மட்டும் கலந்தோம். வெளியே வேலைக்குப் போகும் குழுவுக்குத் தயிர்ச்சோறு கட்டும்போது, குழைந்த சோற்றில் காய்ச்சி ஆறிய பாலை நிறைய ஊற்றித் தயிர் ஒரு கரண்டியே விட்டோம். உண்ணும் வேளைக்குப் புளிப்பு அளவாக இருந்தது.

திரும்பி வந்து நூலகத்தில் நுண்ணுயிரியல் நூலைப் புரட்டினேன். அம்மாவின் ஒவ்வொரு சொல்லுக்கும் அங்கே காரணம் இருந்தது. நுண்ணுயிர் பெருக நீர் வேண்டும்; சுண்டக் காய்ச்சுவதும் வற்றல் போடுவதும் அந்த நீரைப் பறிக்கின்றன. உப்பு, இருக்கும் நீரையும் அவற்றுக்கு எட்டாமல் செய்கிறது. புளியிலுள்ள டார்டாரிக் அமிலமும் தயிரிலுள்ள லாக்டிக் அமிலமும் பெரும்பாலான கிருமிகளைத் தலையெடுக்க விடுவதில்லை. பாசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியத்தின் வித்துகள் சோறு கொதிக்கும்போதும் சாவதில்லை. சோறு வெதுவெதுப்பாகவே கிடந்தால் முளைத்துப் பெருகும். சூட்டோடு மூடாமல் பரப்பி ஆறவைப்பதன் நியாயம் இதுதான்.

அம்மா அறியாத ஒன்றையும் அந்நூல் சொன்னது. அந்தக் கிருமி சோற்றில் உண்டாக்கும் நஞ்சு ஒன்று, மீண்டும் கொதிக்கவைத்தாலும் அழிவதில்லை. லேசாக வாடை வந்த சோற்றைச் சுடவைத்து உண்பது எங்கள் வீட்டு வழக்கம். சோற்றைக் கொட்ட மனம் வராத வீடு அது. நான் சொன்னதைக் கேட்டு அம்மா சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப மீறாத மாதிரி வடிக்கணும்" என்றார். மறுநாள் முதல் அரிசி அளக்கும் ஆழாக்கில் தலை தட்டத் தொடங்கினார். மீந்துபோனால் இரவே நீரூற்றிப் பழைய சோறாக்கிவிடுகிறார்.

கடல் கடந்தும் இத்தகைய அறிவு உண்டு. நைஜீரியாவில் முகம்மது பா அப்பா என்ற ஆசிரியர், குயவர் குடியில் பிறந்தவர், ஒரு மண்பானைக்குள் இன்னொன்றை வைத்து, இடையே ஈர மணலை நிரப்பிக் காய்கறிகளைக் காத்தார். ஒரு கிராம் நீர் ஆவியாக ஏறத்தாழ 580 கலோரி வெப்பம் வேண்டும். அதைப் பானை உள்ளிருந்தும் இழுத்துக்கொள்கிறது. இதற்காக அவருக்கு 2000ஆம் ஆண்டில் ரோலக்ஸ் விருது கிடைத்தது. நம் வீட்டுத் தண்ணீர்ப் பானை செய்வதும் அதே வேலைதான்.

நண்பர்களே! அந்த ஏழு நாளில் எங்கள் முகாமில் ஒருவருக்கும் வயிறு கெடவில்லை. அடுத்த முகாமுக்குச் செல்வோர் புறப்படுமுன் தத்தம் வீட்டு அடுப்படியில் ஒரு மணி நேரம் பாடம் கேளுங்கள். காரணத்தை நூலகத்தில் தேடுங்கள். தேடிக் கண்டதை மீண்டும் அடுப்படியில் சொல்லுங்கள். பழமொழி கேட்ட கேள்விக்கு என் விடை இதுவே: காரணம் தெரிந்தவனுக்குக் கட்டிய சோறும் நிற்கும், சொல்லிய சொல்லும் நிற்கும்.