ஒரே ஒரு பழுது

சில வருடங்களுக்கு முன் ஒரு மின்வெட்டில் என் வெளி ஹார்ட் டிஸ்க் படுத்துவிட்டது. ஊர் ஊராக அலைந்து பதிவுசெய்த ஒப்பாரிப் பாடல்கள் அத்தனையும் அதில்தான் இருந்தன. லினக்ஸின் பழுதுநீக்கியை ஓட்டினேன். அது கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டது. ஒன்றும் விளங்காமல் எல்லாவற்றுக்கும் 'ஒய்' தட்டிக்கொண்டே போனேன். முடிந்தபோது பாட்டுகள் இருந்தன, பெயர்கள் போயிருந்தன. 'லாஸ்ட்+ஃபவுண்ட்' என்ற அடைவுக்குள் வெறும் எண்களாகக் குவிந்து கிடந்தன. எந்த ஊர், எந்தப் பாட்டி என்று குரலை வைத்தே கண்டுபிடித்துப் பெயரிட இரண்டு மாதம் பிடித்தது.

அப்படிக் கேள்வி கேட்கும் கருவியைச் சோதிப்பவர்கள் யார் என்ற குறுகுறுப்பு அதன்பிறகு போகவேயில்லை. பெங்களூரில் சேமிப்பகக் கருவிகள் செய்யும் ஒரு நிறுவனத்தில் அப்படிப்பட்டவர்களைச் சந்திக்க நண்பர் ஏற்பாடு செய்து கொடுத்தார். நான்காம் மாடி மூலையில் இரண்டு மேசைகள். ஒன்றில் கோவில்பட்டிக்கார அம்மா, இருபது வருட அனுபவம். பக்கத்தில் தேனிப் பையன், சேர்ந்து எட்டு மாதம். அவன் அவரை 'அக்கா' என்கிறான்.

"எங்க வேலை சரிபண்றது இல்ல சார், உடைக்கிறது" என்றுதான் தொடங்கினார்.

அவர்கள் கையாளும் கருவி இ2எஃப்எஸ்சிகே. எக்ஸ்ட்4 கோப்பு முறைமையைப் பழுதுபார்ப்பது; தியோடர் ட்ஸோ நெடுங்காலமாகப் பராமரித்து வரும் இ2எஃப்எஸ்ப்ராக்ஸ் தொகுப்பில் வருவது. கணக்குத் தணிக்கைக்காரரைப் போல டிஸ்க்கை ஐந்து சுற்றாகப் பார்க்கும். முதல் சுற்றில் ஐநோடுகள், அதாவது ஒவ்வொரு கோப்புக்கும் உரிய பதிவேட்டுச் சீட்டுகள். பிறகு அடைவுகள், அவற்றின் தொடர்பு, இணைப்பு எண்ணிக்கை. கடைசியில் காலி இடக் கணக்கு.

இந்தத் தொகுப்போடேயே முந்நூறுக்கும் மேற்பட்ட டெஸ்ட்கள் வருகின்றன. பெரும்பாலும் டெஸ்ட்டுக்கு ஓர் அடைவு. எஃப் என்று தொடங்கும் பெயர் இருந்தால் பழுதுநீக்கிக்கான டெஸ்ட். அதற்குள் வேண்டுமென்றே கெடுத்த ஒரு குட்டி டிஸ்க் இமேஜ், சுருக்கி வைத்தது. கூடவே, கருவி என்ன சொல்ல வேண்டும் என்று எழுதிவைத்த 'எக்ஸ்பெக்ட்' கோப்புகள் இரண்டு.

எதற்கு இரண்டு? கருவியை இரண்டு தடவை ஓட்டுகிறார்கள். முதல் ஓட்டத்தில் 1 என்று வெளியேற வேண்டும். பழுது இருந்தது, நீக்கிவிட்டேன் என்று பொருள். இரண்டாவதில் 0, சுத்தம். இரண்டாவது தடவையும் ஏதாவது முனகினால் முதல் வைத்தியம் அரைகுறை, அல்லது வைத்தியமே புது நோய் வைத்துவிட்டது.

அன்றைக்கு அவர்கள் கையில் இருந்தது அப்படி ஒன்றுதான். அவர்களே எழுதிச் சேர்த்த ஒரு திருத்தம் கெட்ட கோப்பை நீக்கிவிட்டு, காலி பிளாக் கணக்கைத் திருத்தாமல் விட்டிருந்தது. அதைக் காட்டிக்கொடுத்தது ஒரு வாடிக்கையாளரின் டிஸ்க். அதை அப்படியே டெஸ்ட்டாக்க முடியாதா என்றேன்.

"அவங்க வீட்டுச் சாமான் சார் அது" என்றார். இ2இமேஜ் என்ற கருவி கோப்புகளின் உள்ளடக்கத்தை விட்டுவிட்டு அமைப்பை மட்டும் நகலெடுக்கும். கேட்டால் பெயர்களையும் குலைத்துத் தரும். அதை வைத்து நோயைப் படிக்கிறார்கள். பிறகு அதே நோயை அரை எம்பி டிஸ்க்கில் புதிதாக உண்டாக்குகிறார்கள்.

எப்படி என்று எளிய உதாரணம் ஒன்றைப் பையன் செய்து காட்டினான். வெற்று டிஸ்க், ஒரு கோப்பு. ஐநோடு எண் 12. ஏனென்றால் 11 வரை முறைமை தனக்கென்று வைத்துக்கொள்கிறது. டீபக்எஃப்எஸ் என்ற கருவியைத் திறந்து இணைப்பு எண்ணிக்கையை, அதாவது கோப்புக்கு எத்தனை பெயர் என்ற கணக்கை, 5 என்று மாற்றினான். உண்மையில் இருப்பது ஒன்று. ஓட்டியதும் நான்காம் சுற்றில் பிடித்தது: ஐந்து என்றிருக்கிறது, ஒன்றாக வேண்டும், திருத்தவா?

ஹெக்ஸ் எடிட்டரில் நேரே அந்த பைட்டை மாற்றியிருக்கலாமே? அங்கேதான் கைத்திறமை. இப்போதைய டிஸ்க்குகளில் ஐநோடுக்குச் சரிபார்ப்புத் தொகை உண்டு. பைட்டைத் தொட்டால் தொகையும் தவறிவிடும். ஒன்றுக்கு இரண்டு பழுது. கருவி எதைக் கண்டு கத்தியது என்று பிறகு சொல்ல முடியாது. டீபக்எஃப்எஸ் தொகையையும் திருத்தி எழுதிவிடும். கெடுப்பதிலும் அளவு வேண்டும் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

பிறகு, வாடிக்கையாளர் டிஸ்க் காட்டிக்கொடுத்த பழுதுக்கான புது டெஸ்ட்டை முதலில் பழைய நிரலின் மேல் ஓட்டினார்கள். தோற்றது. இருவர் முகத்திலும் சிரிப்பு. பழைய நிரலில் தோற்காத டெஸ்ட் எதையும் காவல் காக்கவில்லை என்பது அக்காவின் கட்சி. அப்புறம் திருத்திய நிரல், 'ஓகே' வந்தது.

டீ வந்த நேரத்தில் பையன் தன் பழைய தப்பு ஒன்றைச் சொன்னான். சேர்ந்த புதிதில் ஒரு டெஸ்ட் தோற்றிருக்கிறது. வெளியீட்டில் ஒரு வரி மாறியிருந்தது. வந்த வெளியீட்டை அப்படியே எடுத்து எக்ஸ்பெக்ட் கோப்பின் மேல் போட்டுவிட்டான். உடனே 'ஓகே'.

"அது டெஸ்ட் இல்லடா தம்பி, ஜெராக்ஸ்னு சொன்னேன்" என்றார் அக்கா. மாறிய வரியில் ஒரு கோப்பு லாஸ்ட்+ஃபவுண்டுக்குப் போவதற்குப் பதில் அழிந்துகொண்டிருந்ததாம். நான் டீயைக் கீழே வைத்துவிட்டேன். இந்த வேலையில் எனக்குப் பெரிதாகப் பட்டது அதுதான்: இயந்திரம் ஒரு நொடியில் காட்டும் வித்தியாசத்தை வரிவரியாக உட்கார்ந்து வாசிக்கும் சலிப்பு. தானியங்கி என்ற பெயர் அதை மறைத்துவிடுகிறது.

2018-ல் அமெரிக்காவின் நியூ மெக்ஸிகோ மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பழுதுநீக்கியை நடுவழியில் நிறுத்திப் பார்த்ததையும் அவர் சொன்னார். அப்படி அறுபட்ட சில டிஸ்க்குகளை மறுபடி ஓட்டியும் சரிசெய்ய முடியவில்லை. அன்று நான் 'ஒய்' தட்டிக்கொண்டிருந்தபோது இன்னொரு தடவை கரண்ட் போயிருந்தால்? கேட்கவில்லை, அவர் முகத்திலேயே பதில் இருந்தது.

கிளம்பும்போது, லாஸ்ட்+ஃபவுண்டுக்கு ஏதாவது டெஸ்ட் உண்டா என்று கேட்டேன். பையன் ஒன்றைத் திறந்தான். அதில் லாஸ்ட்+ஃபவுண்டே அடைவாக இல்லாமல் சாதாரணக் கோப்பாக மாறியிருந்தது. கருவி முதலில் அதைக் கழற்றிவிட்டு, அனாதைக் கோப்புகள் தங்கப் புதிதாக ஒன்றைக் கட்டுகிறது.

"இப்படியெல்லாம் யாருக்காவது நடக்குமா?" என்றேன்.

"யாருக்காவது நடந்திருக்கணும் சார்" என்றார் அக்கா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "இல்லேன்னா யாரோ ஒருத்தர் ராத்திரி தூக்கம் வராம உட்கார்ந்து யோசிச்சிருக்கணும்."