ஆசி வழங்கும் கைகள்

"ஃபாதர், வீட்டுக்கு வந்து கொஞ்சம் மந்திரித்துவிட்டுப் போங்கள்." பங்குத்தந்தையர் அடிக்கடி கேட்கும் அழைப்பு இது. புதுவீடு, புதுவண்டி, தேர்வெழுதப் போகும் பிள்ளை, நோயுற்ற மூதாட்டி, எதுவாயினும் ஆசி குருவின் கையிலிருந்தே வரவேண்டும் என நம் மக்கள் எண்ணுகின்றனர். அந்த அன்பு போற்றுதற்குரியது. ஆனால், ஆசி குருவுக்கு மட்டுமே உரியதா?

தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டுக்குச் செல்லும் மின்சார ரயில்கள் காட்டாங்குளத்தூரில் நின்று செல்கின்றன. தொழிற்சாலைக்கும் கல்லூரிக்கும் மருத்துவமனைக்கும் விரையும் அக்கூட்டத்தில் நம் இறைமக்களும் இருக்கின்றனர். நாள்முழுதும் அவர்களோடு பழகுவோருள் பலர் குரு ஒருவரோடு ஒருமுறையேனும் பேசியிராதவர்கள். அவர்களுக்கு இறையன்பை எடுத்துச் செல்பவர் யார்?

செவிலியராகப் பணிபுரியும் சகோதரி ஒருவர் ஒருநாள் ஓர் ஐயத்தோடு என்னிடம் வந்தார். பக்கத்து வீட்டு இந்துப் பெண், காய்ச்சலில் கிடந்த தம் குழந்தையைக் காட்டி, "உங்க சாமிகிட்ட வேண்டிக்குங்க அக்கா" என்று கேட்டிருக்கிறார். இவரும் குழந்தையின் நெற்றியில் சிலுவை அடையாளம் வரைந்து செபித்திருக்கிறார். பிறகு மனம் உறுத்தியது. "அது குருக்கள் செய்ய வேண்டியதல்லவா, ஃபாதர்? நான் வரம்பு மீறிவிட்டேனா?"

இல்லை என்றேன். குழந்தைத் திருமுழுக்கின் தொடக்கத்தில் குரு குழந்தையின் நெற்றியில் சிலுவை வரைந்தபின், பெற்றோரும் ஞானப்பெற்றோரும் அவ்வாறே செய்கின்றனர். திருமுழுக்குப் பெற்ற ஒவ்வொருவரும் ஆசியாக விளங்கவும் ஆசி வழங்கவும் அழைக்கப்பட்டுள்ளனர் என்பதே 1992இல் வெளியான கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் தரும் போதனை. திருச்சபையின் பொதுவாழ்வையும் அருளடையாளங்களையும் சார்ந்த ஆசிகள் திருப்பணியாளருக்கு உரியவை. பிள்ளைக்கும் நோயாளிக்கும் அயலாருக்கும் இறையாசி வேண்டுவதோ நம் அனைவருக்கும் பொது.

பின்னர் புனித தேவசகாயத்தின் வரலாற்றை அவருக்கு நினைவூட்டினேன். 1741ஆம் ஆண்டு குளச்சல் போருக்குப்பின் திருவிதாங்கூரில் சிறைப்பட்ட டச்சுப் படைத்தலைவர் டிலனாய், அந்நாட்டுப் படையிலேயே பணியாற்ற நேர்ந்தது. அரசுப் பணியிலிருந்த நட்டாலம் நீலகண்டப் பிள்ளை இழப்புகளால் மனம் சோர்ந்திருந்தபோது, அவருக்கு யோபுவின் துன்பத்தையும் பொறுமையையும் எடுத்துரைத்தவர் அந்தப் படைவீரரே. 1745இல் வடக்கன்குளத்தில் இயேசு சபைக் குரு ஒருவர் பிள்ளைக்குத் தேவசகாயம் எனப் பெயரிட்டுத் திருமுழுக்கு அளித்தார். குரு நீர் வார்த்தார். விதை விதைத்தவரோ பொதுநிலையினர்! பிரசங்க மேடையில் அன்று, பணியிடத்தில், நண்பரின் துயரத்தருகே அமர்ந்து அவர் அதை விதைத்தார்.

தேவசகாயமும் குருவல்லர், மணமானவர். 1749இல் சிறைப்பட்டு, பெருவிளையில் வேப்பமரத்தில் கட்டப்பட்டிருந்த நாள்களிலும் மக்கள் அவரை நாடிவந்து செபிக்கக் கேட்டனர் என்று மரபு கூறுகிறது. 1752 சனவரி 14 அன்று காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்ட அவரை, 2022 மே 15 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் புனிதர் நிலைக்கு உயர்த்தினார். இந்தியப் பொதுநிலையினருள் முதல் புனிதர் அவரே.

அன்பர்களே, நாம் வழங்கும் ஆசிக்கு விலை கூடாது. அது எவரையும் வசப்படுத்தும் தூண்டிலும் அன்று. அந்தச் செவிலியர் செபத்தோடு நின்றுவிடவில்லை. குழந்தையை மருத்துவரிடம் அழைத்துச் சென்று, இரவெல்லாம் அதன் தாயோடு விழித்திருந்தார். குழந்தை நலமடைந்தது. அக்குடும்பம் இன்றும் தன் சமயத்திலேயே இருக்கிறது; இரு வீட்டுக்குமிடையே கதவு மட்டும் எப்போதும் திறந்திருக்கிறது. சிலுவை வரைந்த கையே மருந்தும் ஊட்டியது. அத்தகைய செபத்தில் பொய்மைக்கு இடமேது?

திருப்பலியின் முடிவில் குரு வழங்கும் ஆசி கோயில் வாசலோடு நின்றுவிடுவதற்கன்று. ரயில் பெட்டியிலும் தொழிற்கூடத்திலும் வாடகை வீட்டு மாடிப்படியிலும் அது சென்று சேரவேண்டும். குருவின் கால்கள் எட்டாத அவ்விடங்களுக்கு அதைச் சுமந்து செல்பவர்கள் நீங்களே.