அப்பா பார்த்த பாவம்

வானொலியில் சட்ட அங்கம் ஒன்றுக்காகச் சிரம்பானில் ஒரு வழக்கறிஞரைப் பார்க்கப் போயிருந்தேன். பல ஆண்டுகளாகச் சாலை விபத்து வழக்குகளையே நடத்தி வருபவர். நேயர்களுக்காக எழுதிக்கொண்டு போன கேள்விகள் முடிந்து, ஒலிப்பதிவையும் நிறுத்திய பிறகுதான் எங்கள் வீட்டுக் கேள்வியைக் கேட்டேன்.

2003இல் எனக்கு 15 வயது. அப்பாவுக்கு 43. பகாவ் பக்கம் ஒரு தோட்டத்தில் செம்பனைப் பழம் வெட்டிக்கொண்டிருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மோட்டாரில் சந்தைக்குக் கிளம்பியவரை, தோட்டத்து மண்சாலை பெரிய சாலையில் ஏறும் இடத்தில் லாரி ஒன்று இடித்தது. வலது முழங்கால் நொறுங்கிப்போனது. ஏழு மாதம் வீட்டில் இருந்தார். பிறகு அந்த நீண்ட அரிவாளைத் தூக்கிக்கொண்டு மேடு பள்ளம் ஏற அவரால் முடியவில்லை. ஜாகா வேலை கொடுத்தார்கள். மாதம் 900 வெள்ளி 500 ஆனது.

விபத்து நடந்த மூன்றாவது வாரம் லாரி முதலாளி வீட்டுக்கு வந்தார். ஒரு பை ஆரஞ்சு, 1,500 வெள்ளி, கையெழுத்துப் போட ஒரு காகிதம். அப்பா போட்டுக் கொடுத்துவிட்டார். “அவரும் பிள்ளைகுட்டிக்காரரு. கேஸ் போட்டா லாரிய வித்துத்தான் குடுக்கணும். பாவம்.” அந்தப் பாவத்தை வைத்தே எங்கள் வீட்டில் பல வருடம் சண்டை நடந்தது. அம்மாவைவிட நான்தான் அதிகம் கோபப்பட்டேன்.

வழக்கறிஞர் கேட்டுவிட்டுச் சிரிக்கவில்லை. “லாரியை ஏன்மா விக்கணும்? 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி மூன்றாம் தரப்பு இன்சூரன்ஸ் இல்லாம வண்டி ரோட்டுக்கே வரக் கூடாது. இழப்பீட்டை அவங்கதான் கட்டுவாங்க. உங்க அப்பா பாவம் பார்த்தது இன்சூரன்ஸ் கம்பெனியை.”

என் கேள்வித்தாளின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டார். 1956ஆம் ஆண்டு சிவில் சட்டத்தில் வருமான இழப்புக்கு ஒரு சூத்திரம் இருக்கிறது. 30 வயதுக்கு மேற்பட்டவர் என்றால் அப்போது 55இல் வயதைக் கழித்து, மிச்சத்தைப் பாதியாக்க வேண்டும். அப்பாவுக்கு ஆறு வருடம். மாதம் 400 வெள்ளி இழப்பு என்றால் 28,800. முழங்காலுக்கும் வலிக்கும் தனித் தொகை. 2019 செப்டம்பரிலிருந்து 55 என்பது 60 ஆகிவிட்டது. அதன்படி எட்டரை வருடம் வரும்.

“அப்படியே கைக்கு வந்துடும்னு நினைக்காதீங்க” என்றார். வாழ்க்கைச் செலவு என்று ஒரு பகுதியைக் கழிப்பார்களாம். உயிரோடு இருப்பவர் சாப்பிட்டுத்தானே ஆக வேண்டும், அதையும் ஏன் கழிக்கிறார்கள் என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை. சின்னச் சாலையிலிருந்து ஏறியவர் அப்பா என்பதால் பாதித் தவறு அவர் மேல் விழுந்திருக்கலாம். அப்போது 28,800 என்பது 14,400. அன்றைய சட்டத்தில் வேலைக்குப் போகிற வழி, வருகிற வழி என்றால் சொக்சோவில் கேட்டிருக்கலாம். ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்கு அது கிடையாது.

நம் தோட்டப்புறத்து ஆட்களைச் சாட்சிக் கூண்டில் ஏற்றுவதுதான் தன் தொழிலிலேயே கஷ்டமான வேலை என்றார். சம்பளம் எவ்வளவு என்று கேட்டால், “ஏதோ வருங்க” என்பார்களாம். இன்னும் வலிக்கிறதா என்றால், “பரவாயில்லைங்க”. மொழிபெயர்ப்பாளர் அதை அப்படியே மலாயில் சொல்வார், நீதிபதி குறித்துக்கொள்வார். நடக்க முடியாமல் நொண்டிக்கொண்டு வந்தவர் தன் வாயாலேயே குணமாகிவிட்டதாகப் பதிவாகிவிடும். மரியாதைக்குச் சொன்ன சொல் என்று எந்தச் சட்டப் புத்தகத்தைக் காட்டி வாதாடுவது?

சம்பாதித்ததற்குச் சான்று இல்லாவிட்டால் வருமான இழப்பே கேட்க முடியாது. குத்தகைக்காரரிடம் கைக்காசுக்கு வேலை செய்பவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்களாம். மருத்துவமனை வாசலில் “கேஸ் எடுத்துத் தர்றோம், வர்றதுல பங்கு” என்று வரும் தரகர்களைப் பற்றியும் சொன்னார். வழக்கில் வரும் பணத்தில் வழக்கறிஞர் பங்கு பேசுவதே இந்நாட்டுச் சட்டப்படி தவறு.

எங்கள் வீட்டில் சான்றுக்குக் குறைவில்லை. அம்மா சம்பளச் சீட்டுகளையும் போலீஸ் புகாரையும் மருத்துவமனைக் காகிதங்களையும் ஒரு மைலோ டின்னில் அடுக்கி வைத்திருக்கிறார். அந்தக் கையெழுத்தையும் வாதாடிப் பார்த்திருக்கலாமாம். ஆனால் வழக்குப் போட ஆறு வருடம்தான் கெடு. 2009இல் அது முடிந்தபோது நான் ஊடகப் படிப்பில் இருந்தேன். விசாரிக்க வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை. கோபப்படத்தான் தெரிந்திருந்தது.

போன மாதம் பகாவுக்குப் போனபோது அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். 28,800 அவர் காதில் விழுந்த மாதிரியே தெரியவில்லை.

“அப்ப அவரு கைக்காசு ஒன்னும் போயிருக்காதா, பாப்பா?”

“போயிருக்காதுப்பா. இன்சூரன்ஸ் ஒழுங்கா இருந்திருந்தா.”

முழங்காலைத் தடவிக்கொண்டார்.

“அப்புறம் ஏன் அந்த மனுசன் வாசல்ல அப்படிப் பயந்துபோய் நின்னாரு?”