பச்சை பூத்த வயர்

2025 ஜூலை 8, செவ்வாய்

கட்டுநாயக்காவில் ஆட்களை இறக்கிவிட்டு பருத்தித்துறைக்கு வெறுமனே திரும்பிக்கொண்டிருந்தது அந்த டொயோட்டா டொல்பின் வான். ஆனையிறவு உப்பளத்தடியில் பாட்டு நின்றது. செற்றில் வெளிச்சம் இருக்கிறது, எண்கள் ஓடுகின்றன, சத்தம் மட்டும் இல்லை. வான்காரர் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். அரை வரி பாடிவிட்டு மறுபடி ஊமையாகிவிட்டது. 350 கிலோமீற்றருக்கு மேற்பட்ட அந்த இராவோட்டத்தில் அவரைத் தூங்கவிடாமல் வைத்திருப்பது தேத்தண்ணி அல்ல, இந்தச் செற்தான். மிச்ச வழி முழுக்கக் கண்ணாடியை இறக்கிவிட்டுத் தனக்குத்தானே கதைத்துக்கொண்டு வந்து சேர்ந்தார்.

ஜூலை 9

"வித்துப்போட்டு வேற எடுங்கோவன் அப்பா" என்றான் மகன். 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதியைப் பெப்ரவரியில் திறந்துவிட்டார்கள் என்பது அவனுடைய வாதம். வரியோடு சேர்த்து விலை என்னவென்று தகப்பன் கேட்டார். அன்றிரவு வீட்டில் கதை பேச்சு இல்லை.

ஜூலை 10

பலாலிக்கு ஒரு ஹயர். பாட்டில்லாத வானில் இடப்பக்கம் கீழேயிருந்து 'ஊ' என்று ஒரு இரைச்சல். வேகம் கூடினால் கூடுகிறது, வளைவில் திரும்பினால் மாறுகிறது.

ஜூலை 11

முன் இடது சில்லுப் பெயாரிங் மாற்றியாயிற்று. கழற்றியதைத் துடைத்துக் காட்டினார் மெக்கானிக். உருளை ஓடும் தடம் முழுக்கக் குழி. "எப்ப தொடங்கின சத்தம் அண்ணை?" "நேற்று" என்றார் வான்காரர். மெக்கானிக் குழியை இன்னொரு தரம் பார்த்தார்.

ஜூலை 12, சனி

நெல்லியடியில் வயறிங் வேலை செய்பவரிடம் வான் நிற்கிறது. செற்றை வெளியே இழுத்தவர், பின்னால் தொங்கிய கறுப்பு ரேப் உருண்டைகளைப் பார்த்துவிட்டு, "ஆர் ஐயா செய்த வேலை உது?" என்றார். வான் இவர் கைக்கு வருமுன்னர் யாரோ செய்தது.

ஏன் செய்தார்கள் என்பது எளிது. ஜப்பானில் எஃப்.எம். 76 மெகாஹேர்ட்ஸில் தொடங்கி, இந்த வான்கள் அங்கே ஓடிய காலத்தில் 90இல் முடிந்தது. இலங்கையில் 88இலிருந்து 108 வரை. கூடவே வந்த செற்றில் இங்குள்ள நிலையங்கள் அநேகமாகப் பிடிபடா. அதனால் வேறு செற் பூட்டுவார்கள். பழைய பிளக்கில் அப்படியே கொழுவுகிற இடைச் சொக்கெற் கடையில் கிடைக்கும். அதற்குக் காசு செலவழிக்க மனமில்லாதவர்கள் பிளக்கை வெட்டி, வயரோடு வயரை முறுக்கி, ரேப்பைச் சுற்றிவிடுவார்கள். வெக்கையில் பசை இளகி, உப்புக்காற்று உள்ளே போய், செம்பில் பச்சை பூக்கிறது.

நிறமும் ஆளை ஏமாற்றும். கடைச் செற்களில் மஞ்சள் பற்றரி, சிவப்பு சாவி, கறுப்பு ஏர்த். பல டொயோட்டாக்களின் சொந்த வயறிங்கில் கறுப்பும் மஞ்சளும் பின் இடது ஸ்பீக்கர். பற்றரிக்கு நீலத்தில் மஞ்சள் கோடு, ஏர்த் மண்ணிறம். நிறம் பார்த்துப் பொருத்தியவனுக்கு ஸ்பீக்கர் கிடைக்கும், கரன்ற் கிடைக்காது.

முறுக்குகளை அவிழ்த்து, சிவந்த செம்பு தெரியுமட்டும் வயரை வெட்டிக்கொண்டே போனார். "பச்சையில ஈயம் பிடியாது ஐயா." ஒவ்வொரு ஸ்பீக்கராக மீற்றர் வைத்தார். 4 ஓம் என்று எழுதியிருப்பது மீற்றரில் மூன்று சொச்சம் காட்டினால் அது நல்ல ஸ்பீக்கர். முன் இடது கதவைத் திறந்தால் எண் காணாமற்போகிறது, சாத்தினால் வருகிறது. கதவு இடுக்கிலுள்ள ரப்பர்க் குழாய்க்குள் வயர் முறிந்து, வெளித்தோல் மட்டும் பிடித்துக்கொண்டிருந்தது.

ஈயம் பிடித்தபடியே பழைய கதை வந்தது. 1990 ஜூனில் சண்டை திரும்பத் தொடங்கியபின் குடாநாட்டில் கரன்ற் இல்லை. றேடியோ பற்றரி தடைசெய்த சாமான்களில் ஒன்று. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, மிதியைக் கையால் சுற்றி, 6 வோல்ற் டைனமோவில் செய்தி கேட்டார்கள். டைனமோ தருவது ஏ.சி., றேடியோவுக்கு வேண்டியது டி.சி.; நடுவில் டயோட் வைக்கவேண்டும். வயறிங்காரருடைய வீட்டில் சுற்றும் வேலை அவருக்கு. கை சோர்ந்தால் செய்தி வாசிப்பவரும் சோர்ந்துபோவாராம். "அப்ப ஒரு சொல்லும் தவறவிடமாட்டம்" என்றவர், சுருங்கு குழாயைச் சூடாக்க லைற்றரைத் தேடினார்.

ஜூலை 13

பாடுகிறது!

ஜூலை 17, வியாழன்

பாட்டுக்குப் பின்னால் ஒரு ஊளை. அக்சிலேற்றரை மிதித்தால் சுருதி ஏறுகிறது, விட்டால் இறங்குகிறது. அல்ரனேற்றரின் சத்தம் ஏர்த் வழியாக ஏறுகிறது என்கிறார் வயறிங்காரர். செற்றின் ஏர்த்தைத் துருவில்லாத வேறு இரும்பில் பூட்டிப் பார்க்கவேண்டும், அதற்கு வான் ஒரு முழுநாள் நிற்கவேண்டும். வான்காரர் எரிந்து விழுந்தார். திருத்தக் கொடுத்தது பாட்டுக் கேட்கவா, ஊளை கேட்கவா?

ஜூலை 24

கொழும்பு ஹயர். வல்லை வெளியில் செற்றை முழுக்க நிறுத்திவிட்டுக் கொஞ்சத் தூரம் ஓடினார், பிறகு போட்டார். முறிகண்டி தாண்டியும் அப்படியே. ஏனென்று முன்சீற்றில் இருந்தவர் கேட்டதற்கு, "ஊளை" என்றார்.

ஜூலை 28

நாளை நல்லூர்க் கொடியேற்றம். தீர்த்தம் முடியுமட்டும் ஹயர் நிரம்பிவிட்டது, வானை நிறுத்த வழியில்லை. ஏர்த் வேலை ஆவணியில் பார்க்கலாம் என்று வயறிங்காரருக்குச் சொல்லியனுப்பியிருக்கிறார். நேற்றிலிருந்து பின் வலது ஸ்பீக்கரும் விட்டுவிட்டுக் கேட்கிறது.