கொடுத்த கிட்னியைக் காப்பாற்றுவது நாங்கள் எல்லாரும்தான்



எங்கள் நானாவுக்கு ராத்தா ஒரு கிட்னியைக் கொடுத்து இரண்டு வருடமாகிறது. "ஒப்பரேஷன்தான் முடிஞ்சிட்டே, இனி என்ன?" என்று பலர் எங்களிடம் கேட்கிறார்கள். அதற்காகவே இந்தப் பதிவு.

மாற்றி வைத்த கிட்னி எல்லாருக்கும் உடனே வேலை செய்வதில்லை. மரணித்தவரிடமிருந்து எடுத்து, குளிரில் வைத்துக் கொண்டுவரும் கிட்னி சில நாட்கள் சோர்ந்து கிடக்கலாம். அதுவரை டயாலிசிஸ்தான். இதைக் குறைக்க வழி தேடி அவுஸ்திரேலியா, நியூசிலாந்து வைத்தியர்கள் இப்படிப்பட்ட 808 நோயாளிகளிடம் ஆய்வு செய்து, 2023இல் முடிவை வெளியிட்டார்கள். வழமையான சேலைன் ஏற்றியவர்களில் 100க்கு 40 பேருக்கு முதல் வாரத்தில் டயாலிசிஸ் தேவைப்பட்டது. குளோரைட் குறைந்த, இரத்தத்தின் உப்பு அளவுக்கு நெருக்கமான திரவம் ஏற்றியவர்களில் அது 30 பேர். மாற்றியது ட்ரிப் போத்தலை மட்டும்தான்!

வைத்தியசாலையில் இருப்பது போலவே வீட்டிலும் சின்ன விடயங்கள்தான் கிட்னியைக் காக்கின்றன. நானா டெக்ரோலிமஸ் குளிசையை 12 மணித்தியாலத்துக்கு ஒரு தடவை எடுக்கிறார். இரத்தத்தில் அதன் அளவு குறைந்தால் உடம்பு அந்தக் கிட்னியை அந்நியமாகக் கண்டு தாக்கும். கூடினால் அந்த மருந்தே கிட்னியைப் பழுதாக்கும். அதனால்தான் அடிக்கடி இரத்தப் பரிசோதனை. மேல்வலி என்று பாமசியில் டைக்ளோபெனாக் வாங்கிப் போட முடியாது. யாரோ சொன்ன கசாயத்தையும் வைத்தியரிடம் கேட்காமல் குடிக்க முடியாது.

இப்போது நோன்பு நெருங்குகிறது. எங்கள் நாட்டில் ஸஹர் முடிந்து நோன்பு திறக்க 13 மணித்தியாலத்துக்கு மேலாகும். அவ்வளவு நேரம் தண்ணீரும் இல்லை, குளிசையும் இல்லை. மாற்றுக் கிட்னி உள்ளவர் நோன்பு பிடிக்கலாமா என்பதை அவருடைய பரிசோதனை முடிவுகளைப் பார்த்து அவருடைய வைத்தியர்தான் சொல்ல வேண்டும். நானாவின் வைத்தியர் வேண்டாம் என்றிருக்கிறார். நோயாளிக்கு மார்க்கமும் சலுகை தந்திருக்கிறது.

ஆனால் பள்ளிவாசல் வாசலிலும் கடைத்தெருவிலும் "நோன்பு இல்லையா?" என்று நாலு பேர் கேட்டால், வெட்கத்துக்காகவே ஒரு மனிதர் குளிசையைத் தள்ளிப்போடுவார். போன வருடம் நானாவின் முகத்தில் அந்த வெட்கத்தை நாங்கள் கண்டோம்.

ராத்தா கொடுத்தது ஓர் அமானிதம். தயவுசெய்து இந்த வருடம் அந்தக் கேள்வியை யாரிடமும் கேட்காதீர்கள். துஆச் செய்யுங்கள், அது போதும்.